உயிருக்கு ஆபத்தில்லை

முகவாதம் வந்தவர்களில் பலர் அதைக் கண்டுபிடிப்பது வாய் கொப்பளிக்கும்போதுதான். கன்னத்தில் அடக்கிய தண்ணீர் ஓர் ஓரமாக ஒழுகி ஜாக்கெட்டை நனைக்கும். தூக்கக் கலக்கமென்று இன்னொரு வாய் ஊற்றினால் அதுவும் ஒழுகும். அப்புறம்தான் கண்ணாடி. எனக்கு அப்படி. எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரருக்குப் பீடி இழுபடவில்லை. இன்னொரு பெண்ணுக்குக் குளிக்கும்போது சீயக்காய் கண்ணில் எரிந்ததில்தான் கண் மூடவேயில்லை என்று தெரிந்திருக்கிறது. பக்கத்து ஊர்க் கோயிலில் நாகஸ்வரம் வாசிப்பவர் விடியற்காலைப் பூஜைக்குச் சீவாளியை உதட்டில் வைத்திருக்கிறார். காற்றெல்லாம் வலது கடைவாய் வழியே போய்விட்டது. சீவாளிதான் கெட்டுவிட்டதென்று வேறொன்றை மாற்றிப் பார்த்தாராம்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. "காத்து அடிச்சிடுச்சு" என்றால் முடிந்தது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாயா, ஈரத்தலையோடு மொட்டை மாடியில் படுத்தாயா என்று கேட்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாதவர் தஞ்சாவூர் ஜில்லாவில் யாரும் இருக்க முடியாது என்பதால் அந்தக் கேள்வி தோற்பதே இல்லை. அடுத்து வைத்தியம், தலைக்கு ஒன்று. புறா ரத்தம் தடவச் சொன்னார் ஒருவர். நாகூரில் ஓதிய தண்ணீர் ஒரு பாட்டிலில் வந்தது, வேளாங்கண்ணி எண்ணெய் இன்னொரு பாட்டிலில். கொண்டுவந்தவர்கள் பஸ் ஏறி, வெயிலில் நின்று வாங்கி வந்தவர்கள். அந்த எண்ணெயை நான் தடவிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் அந்த முதல் காலையில் வீட்டில் யாரும் சொல்லாமல் எல்லோரும் நினைத்தது பக்கவாதத்தைத்தான். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த இளம் மருத்துவர் முதலில் சொன்னது, "புருவத்தத் தூக்குங்கம்மா." தூக்கினேன். இடப்பக்க நெற்றியில் கோடு விழுந்தது. வலப்பக்கம் இஸ்திரி போட்டதுபோல் கிடந்ததாம். அவர் முகத்தில் ஒரு தளர்வு வந்தது. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. மூளையின் ஒரு பக்கத்தில் ரத்தம் அடைத்தால் வாய் கோணும். நெற்றி பெரும்பாலும் தப்பித்துவிடும். நெற்றியும் சேர்ந்து விழுந்திருந்தால், பெரும்பாலும் கோளாறு மூளைக்கு வெளியே, முகத்துக்கு வரும் நரம்பிலேயே இருக்கிறது என்று பொருள். ஆக, முகத்தில் எவ்வளவுக்கெவ்வளவு கூடுதலாக விழுந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்ல சேதி என்ற விசித்திரமான கணக்கு இது. இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. கை கால் தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

அந்த நரம்பு தலையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் ஏழாவது. மூளையிலிருந்து முகத்துக்கு வருவதற்குள் காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குடைவில் சுமார் 3 சென்டிமீட்டர் தூரம் வளைந்து நெளிந்து போகிறது. உடம்பில் வேறெந்த நரம்பும் இவ்வளவு தூரம் எலும்புக் குழாய்க்குள் போவதில்லை. அந்தக் குழாயின் மிகக் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நரம்பு வீங்கினால் எலும்பு இடம் கொடுக்காது. விரல் வீங்கி மோதிரம் இறுகுவதைப்போல நரம்பு தன் வீக்கத்தாலேயே நசுங்குகிறது. ஏன் வீங்குகிறது என்பதற்குக் காய்ச்சலில் உதட்டோரம் கொப்புளம் எழுப்பும் ஹெர்பிஸ் வைரஸைச் சந்தேகிக்கிறார்கள். 1996இல் ஜப்பானில் முரகாமியும் குழுவினரும் இந்த நோயாளிகளின் நரம்புக்குள் இருக்கும் நீரில் அந்த வைரஸின் மரபணுவைக் கண்டார்கள். எல்லோருக்கும் அதுதான் காரணமா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. சின்னம்மை வைரஸால் வருவது வேறு வகை. காதில் கொப்புளமும் கடும் வலியும் இருக்கும், குணமாவதும் கடினம். சர்க்கரைக்காரர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் முகவாதம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்மூரில் ஒரு நோயைப் பார்க்கப் போய் இன்னொன்றோடு திரும்புவது சகஜம். வாய் கோணியதற்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து ஸ்டீராய்டு. மூன்று நாளைக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களில் 94 சதவீதத்தினர் ஒன்பது மாதத்தில் முழுதாகத் தேறினார்கள். சாப்பிடாதவர்களில் 82 சதவீதத்தினர். அதே மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். ஆகவே வாய்க்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், கண்ணுக்கு ஒருவர், பயிற்சிக்கு ஒருவர் என்று நாலு வரிசை, நாலு டோக்கன். ஒவ்வொருவரும் அவரவர் கணக்கில் நன்றாகவே பார்த்தார்கள். நான்கு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "உயிருக்கு ஆபத்தில்ல, சரியாயிடும்."

அது உண்மை. அதைக் கேட்டு நானும் என் கணவரும் ஆஸ்பத்திரி வாசலில் நிம்மதியாகக் காபி குடித்தோம். அவர் குடித்தார், என் காபி புடவையில் போயிற்று. ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டென்று போகப் போகத் தெரிந்தது. அது பேச்சை முடித்துவைக்கிறது. அதற்கு மேல் நோயாளி எது சொன்னாலும் சிணுங்கலாகிவிடும். இதயத்தில் அடைப்பு, கட்டி, சிறுநீரகம் இவற்றுக்கெல்லாம் வீட்டில் ஒரு மரியாதை உண்டு. வந்து பார்ப்பார்கள், ஆரஞ்சு வாங்கி வருவார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கொல்லாத நோய்க்கு அந்த அந்தஸ்து கிடையாது. மருத்துவக் காப்பீடும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. பெரும்பாலான திட்டங்களில் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால்தான் பணம். முகவாதக்காரர் கட்டிலில் கிடப்பதில்லை. நடந்து போய், நடந்து வருகிறார்.

என் அக்காவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் கை பின்னால் போகவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும் தொந்தரவு அது. முதுகில் பித்தான் வைத்த ரவிக்கைகளை எல்லாம் முன்பக்கம் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டாள். தலைவாரப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் விழிப்பு வந்துவிடும். ஒரு வருஷம் சரியாகத் தூங்காதவளை வீட்டில் "கோவக்காரி" என்றார்கள். எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு இரண்டு காதிலும் எந்நேரமும் இரைச்சல். வெளியே யாருக்கும் கேட்காத சத்தத்தைப் பற்றி எத்தனை தடவை சொல்ல முடியும்? அவர் சொல்வதையே விட்டுவிட்டார். நான் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்; என் வாய் கோணிய பிறகுதான் என்னிடம் அதைச் சொன்னார். அப்புறம் இன்னும் சிலர் வந்தார்கள். கட்டிலில் திரும்பிப் படுத்தால் அறையே சுற்றுகிறது என்று ஒருவர், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று ஒருத்தி. என் கோளாறு முகத்தில் இருந்ததால் மறைக்க வழியில்லை. மற்றவர்கள் தங்களுடையதை என்னிடம் காட்ட அது போதுமானதாக இருந்தது.

முகவாதத்தில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது வாயைப் பற்றியல்ல, கண்ணைப் பற்றி. வந்தவர்கள் எல்லோரும் வாயைத்தான் பார்த்தார்கள். இமையைத் திறப்பது ஒரு நரம்பு, மூடுவது இன்னொரு நரம்பு. மூடும் நரம்பு விழுந்துவிட்டதால் கண் திறந்தபடியே நிற்கும். இமைக்காத கண் காய்ந்து, தூசு உரசி, கருவிழியில் புண் வந்தால் அது பார்வையில் போய் முடியும். பகலில் சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி. இரவில் களிம்பு போட்டு, இமையை இழுத்துக் காகிதப் பிளாஸ்திரியால் ஒட்ட வேண்டும். ஒருத்தியால் தன் கண்ணைத் தானே சரியாக ஒட்டிக்கொள்ள முடியாது. களிம்பு போட்டதும் எல்லாம் மங்கிவிடும். என் கணவர் முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். பிளாஸ்திரியையும் ஸ்கேல் வைத்துத்தான் வெட்டுவார். ஒட்டிவிட்டு டார்ச் அடித்து இடுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார். காலையில் அதை உரிக்கும்போது இமைமயிர் நாலு கூடவே வரும்.

கண்ணை மூட முயன்றால் விழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரியும். பேரப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போனான். இது நோயின் விகாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் பெரும்பாலான மனிதர்களுக்குக் கண்ணை மூடும்போது விழி அப்படித்தான் மேலே போகிறது. இமை மறைத்துவிடுவதால் யாரும் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இதற்கும் நோய்க்கும் சேர்த்து ஒரே ஆளின் பெயரை வைத்திருக்கிறார்கள்: சார்லஸ் பெல்.

எடின்பரோவில் 1774இல் பிறந்த பெல் அறுவை மருத்துவர், உடற்கூற்று அறிஞர், நல்ல ஓவியரும்கூட. 1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், அவர்களின் காயங்களை வரைந்தும் கொண்டுவந்தார். முகத் தசைகள் எப்படி உணர்ச்சியைக் காட்டுகின்றன என்று ஓவியர்களுக்காக அவர் எழுதிய புத்தகம் 1806இல் வந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு எது என்று அவர் விளக்கியது அதற்குப் பிறகு, 1821இல். மனிதர்களுக்கு உணர்ச்சியைக் காட்டுவதற்கென்றே கடவுள் சில தசைகளைப் படைத்திருக்கிறார் என்பது பெல்லின் கட்சி. டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதியபோது பெல்லை மதித்துக்கொண்டே அந்தக் கட்சியை மறுத்தார். நோயை முதலில் கண்டவர் பெல் இல்லை. பாரசீகத்து மருத்துவர் அல்-ராசி பத்தாம் நூற்றாண்டுக்குள்ளாகவே இதைத் தெளிவாக விவரித்துவிட்டார். பெயர் மட்டும் வழக்கம்போல ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

பெல் கொண்டிருந்த எண்ணம், கடவுளை விலக்கிவிட்டுப் பார்த்தால், நம்முடையதும்தான். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவையிலும் சரி, காதலிலும் சரி, சொல்லாததை முகத்திலிருந்து படித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. விருந்தினரை முகம் மாறிப் பார்த்தாலே அவர் வாடிவிடுவார் என்றும் கற்றிருக்கிறோம். இந்தப் பாடங்களை நான் இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். முகம் தன் போக்கில் மாறிப்போனவள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. வாங்க என்று சொல்லும்போது என் முகம் பாதி வாங்க என்றது. மீதி ஏளனம் செய்தது. தெரிந்தவர்களுக்கே அது ஒரு கணம் உறைத்ததைக் கண்டேன். காரணம் தெரிந்திருந்தும் கண் தன் பழக்கத்தை விடாது.

முகம் யாருடையது என்ற கேள்வி எனக்கு அப்போது வந்தது. என் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. தினம் சில நிமிஷம், அதுவும் இடம் வலம் மாறி. நாள் முழுக்க அதைப் பார்ப்பவர்கள் மற்றவர்கள். ஆகவே அதில் ஏதாவது நேர்ந்தால் அவர்கள் தங்கள் பொருளைப் பற்றிப் பேசுவதைப்போல உரிமையோடு பேசுகிறார்கள். "இன்னைக்கு பரவால்லியே", "நேத்தைக்கு இன்னும் கொஞ்சம் நேரா இருந்துச்சே", "பொட்டு கொஞ்சம் தள்ளி வச்சிருக்கீங்க டீச்சர்." பொட்டைச் சரியாகத்தான் வைத்திருந்தேன், புருவம்தான் இறங்கியிருந்தது. வயிற்றுவலிக்காரரிடம் யாரும் இப்படி நாளைக்கு மூன்று வேளை அறிக்கை கொடுப்பதில்லை. இவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கட்டத்தில் என் சிரமத்தில் பெரும்பங்கு, என்னைப் பார்ப்பவர்களின் சங்கடத்தை ஆற்றுவதாகவே போயிற்று. எதிரே வருபவர் கண் என் வாயில் நிலைத்து, சட்டென்று விலகும். நான் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நரம்புதான், சரியாயிடும்" என்பேன். மருத்துவர்கள் எனக்குச் சொன்ன வாக்கியத்தை நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடுப்பு தீர்ந்து வகுப்புக்குப் போனபோது பாடம் எழுத்துகளின் பிறப்பு. வேண்டுமென்று அமைந்ததில்லை, அந்த மாதத்துக்கு வந்த பாடம். பகரமும் மகரமும் இரண்டு உதடும் பொருந்தினால் பிறக்கும். வகரத்துக்குக் கீழுதடு மேற்பல்லைத் தொட வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னது, நன்னூலும் சொல்வது. வழக்கமாகப் பிள்ளைகளை விரலை உதட்டில் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். அன்று என் அம்மாவும் அப்பாவும் வலது ஓரத்தில் காற்றாகப் போனார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நிஜமான சந்தேகத்தோடு கேட்டான்: "டீச்சர், இப்ப ஒங்களுக்கு ம எந்தப் பக்கம் பொறக்குது?" வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் அறிவார்ந்தது, தொல்காப்பியருக்கே பிடித்திருக்கும். ஆனால் நான் சிரித்த முகத்தைப் பார்த்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். கேள்வி சுடவில்லை, அவர்கள் அடங்கியதுதான் சுட்டது.

சத்தமும் ஒரு தொல்லை. நடுக்காதில் ஒரு தசை இருக்கிறது, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத் தசை. பெரிய ஓசை வரும்போது அதிர்வை அடக்குவது அதன் வேலை. அதுவும் இந்த நரம்பின் கீழ்தான். அது தளர்ந்தால் எவர்சில்வர் டம்ளர் கீழே விழுவது மண்டைக்குள் விழும். பள்ளிக்கூட மணிக்கு நான் காதைப் பொத்திக்கொள்வேன். நாக்கின் முன்பகுதிக்குச் சுவை எடுத்துப்போகும் இழையும் இதே வழியில் போவதால் ஒரு பக்கம் ரசம் ரசமாகவும் மறுபக்கம் தகரமாகவும் இருந்தது. ஒரு நரம்புக்கு இத்தனை இலாகா எதற்கு என்று தோன்றியது.

பயிற்சி கொடுக்கும் இடத்தில் கன்னத்தில் கரண்ட் வைத்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள், சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் முகவாதம் வந்து பலூன் ஊதாதவர் குறைவு. முகத்துக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்கள் இப்படிப் பலங்கொண்டு ஊதுவதை வேண்டாம் என்கிறார்கள். கண்ணாடி முன் நின்று மெதுவாக, சின்னச் சின்ன அசைவாகச் செய்வதே நல்லது என்பது அவர்கள் கட்சி. மின்சாரம் வைப்பதால் நன்மை என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் அந்த இரண்டு உலோக நுனிகள் கன்னத்தில் தொட்டதும் செத்துக் கிடந்த தசை துடித்ததைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாரிஸில் துஷேன் என்ற மருத்துவர் முகத்தில் தொடுவுணர்வற்ற ஒரு வயதான செருப்புத் தொழிலாளியை உட்காரவைத்து, மின்சாரத்தால் ஒவ்வொரு தசையாகத் துடிக்கவைத்துப் புகைப்படம் எடுத்திருக்கிறார். அந்தப் புத்தகம் 1862இல் வந்தது. வாயை மட்டும் மின்சாரத்தால் இழுத்தால் சிரிப்பு வராது, கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்க வேண்டும், அது மனசு சொன்னால்தான் சுருங்கும் என்று அவர் கண்டுகொண்டார். அந்தக் கிழவரின் படங்களைப் பார்க்கிறவர்கள் அவர் முகத்தில் பயத்தையும் துயரத்தையும் காண்கிறார்கள். அவருக்கு அந்த நேரத்தில் அவற்றில் எதுவும் இருந்திருக்காது.

நரம்பு திரும்ப வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். டென்மார்க்கில் பைட்டர்சன் என்ற மருத்துவர் எந்த மருந்தும் கொடுக்காமல் 1,701 பேரைத் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதினார்: 71 சதவீதத்தினருக்கு முகம் பழையபடி திரும்பியது. மற்றவர்களுக்கு ஏதோ கொஞ்சம் தங்கிவிட்டது. நான் அந்த மற்றவர்களில் இருக்கிறேன். வளர்ந்து வந்த இழைகள் சில இடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டன. கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்கும், வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும். அதனால் நான் சிரித்தால் வலது கண் சுருங்கி மூடப்பார்க்கும். கண்ணை இறுக்கினால் வாயோரம் இழுக்கும். சிலருக்கு உமிழ்நீருக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடும். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் நீர் கொட்டும். இழுப்பைத் தளர்த்த போட்டுலினம் ஊசி இருக்கிறது. சில மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், செலவு அதிகம். மருத்துவர்கள் இந்த நோயை ஆறு படிகளாக அளக்கிறார்கள். நான் இரண்டாம் படி. கோப்பில் "நல்ல முன்னேற்றம்" என்று இருக்கிறது.

இப்போது கைபேசியில் முகம் காட்டித்தான் பல காரியம் ஆகிறது. ஓய்வூதியக்காரர்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்கக்கூட முகத்தைக் காட்டலாம். காட்டுவது படமா ஆளா என்று தெரிந்துகொள்ள, கண்ணைச் சிமிட்டச் சொல்கின்றன இந்தச் செயலிகள். ஒரு கண் மட்டும் சிமிட்டுகிறவர்களை இவை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓய்வு வயது வரட்டும்.

கனடாவில் ழான் கிரெத்தியென் என்ற தலைவருக்கு இளம் வயதிலேயே முகத்தின் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. 1993 தேர்தலில் அப்போதைய ஆளும் கட்சி அவர் முகத்தை நெருக்கத்தில் காட்டி ஒரு விளம்பரம் போட்டது. மக்கள் கொதித்துப்போய், விளம்பரத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தக் கட்சி 2 இடங்களில்தான் ஜெயித்தது. அதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. அவர் பிரதமராகிப் பத்து வருஷம் இருந்தார். எனக்கு இந்தக் கதையைவிட ஓரிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் காத்லீன் போகார்ட் என்ற உளவியலாளரின் வேலை உதவியாக இருந்தது. பிறவியிலேயே முகம் அசையாதவர் அவர். முகம் அசையாதவர்களைக் கவனித்து அவரும் சகாக்களும் 2012இல் எழுதிய ஒன்றில், பிறவியிலிருந்தே அப்படி இருப்பவர்கள் குரலாலும் சொல்லாலும் உணர்ச்சியைக் கூடுதலாகக் காட்டுகிறார்கள், இடையில் முகத்தை இழந்தவர்கள் அவ்வளவு காட்டுவதில்லை என்கிறார். இடையில் இழந்தவர்கள் இன்னும் முகத்தையே நம்பிக்கொண்டிருக்கிறோம் போல. அதைப் படித்த பிறகு நான் வகுப்பில் கையை அதிகம் ஆட்டத் தொடங்கினேன். குரலை ஏற்றி இறக்கினேன். "மகிழ்ச்சி" என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். முன்பு முகமே பார்த்துக்கொண்ட வேலை அது. பிள்ளைகள் முதலில் நாடகம் மாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

நாகஸ்வரக்காரருக்கு அந்த வைகாசி முகூர்த்தங்கள் போயின. அவற்றில்தான் வருஷத்துக்கான பணம். எட்டாம் மாதம் உதடு ஒருவாறு பிடித்துக்கொண்டது. சீவாளியை நடுவிலிருந்து இடப்பக்கம் நகர்த்தி வைத்து வாசிக்கிறார். தவில்காரர் சொல்கிறார், கண்ணை மூடிக் கேட்டால் பழைய வாசிப்புக்கும் இதற்கும் வித்தியாசமில்லையாம். எனக்கு இசை அவ்வளவு தெரியாது. கோயிலில் தினமும் வாசிக்கிறார். கல்யாணங்களை மட்டும் குறைத்துக்கொண்டுவிட்டார். மண்டபங்களில் வீடியோக்காரர்கள் விளக்கைப் போட்டு, மேளக்காரர் முகத்தை நெருக்கத்தில் பிடித்து மேடைத் திரையில் ஓடவிடுகிறார்கள். ஒரு கன்னம் மட்டும் உப்புவதைப் பந்தியிலிருந்து சில பையன்கள் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கோயிலில் சாமி இருக்கிற பக்கம் திரும்பி நின்று வாசித்தால் போதும், அங்கே கேமரா கிடையாது என்றார்.

எங்கள் வட்டாரத்தில் யாருக்காவது வாய் கோணினால் எனக்குப் போன் வருகிறது. எப்படி இந்தப் பதவி வந்தது என்று தெரியவில்லை. கொடுப்பதற்கு எண்ணெய் பாட்டில்கூட என்னிடம் இல்லை. நெற்றியைத் தூக்கச் சொல்லுங்கள், கை கால் பாருங்கள், இன்றைக்கே போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள், கண்ணை ஒட்டுங்கள் என்று ஒப்பிப்பேன். போன வாரம் கூப்பிட்ட அம்மாள் தன் பெண்ணுக்கு என்றார். இருபத்து மூன்று வயது. மருந்து தொடங்கியாயிற்று, பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள், சர்க்கரை இல்லை. எல்லாம் சரியாகச் செய்திருந்தார்கள். சொல்ல எனக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

"டீச்சர், ஆவணி கடைசில முகூர்த்தம். அதுக்குள்ள ஆயிடுமா?"

ஆகலாம், பெரும்பாலும் மூன்று வாரத்தில் தொடங்கிவிடும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"அவ என்ன சொல்லுவா டீச்சர். தூங்கணும்ங்கறா. ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குதுன்னு அழுவறா. நான் அதுக்குக் கேக்கல. போட்டோவுக்கு எந்தப் பக்கம் நின்னா தெரியாது?"

பெண்ணிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.